நோன்பு முடிக்கும் ரொட்டி: நேப்பிள்ஸின் கஸாத்தியெல்லோ

புனித வெள்ளியன்று கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தொடுவதில்லை. தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலும் அதுதான் வழக்கம். ஆனால் அன்று மாலை அந்த நகரத்தின் சமையலறைகளுக்குள் எட்டிப் பார்த்தால், பன்றிக்கொழுப்பைக் கையால் வழித்து மாவில் தடவிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே இடித்த மிளகு, துண்டுகளாக நறுக்கிய சலாமி என்ற உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி, சீஸ், கொழுப்பை உருக்கிய பிறகு மிஞ்சும் சக்கை எல்லாம் தயாராக இருக்கும். ஆண்டின் மிகக் கடுமையான நோன்பு நாளில், ஆண்டின் மிகக் கொழுத்த ரொட்டி உருவாகிறது. விதிப்படி அன்று யாரும் அதைத் தின்னக் கூடாது. மணத்தைத் தாங்கிக்கொண்டு தூங்கப் போவதுதான் அன்றைய பெரிய தவம்.

அந்த ரொட்டிக்குக் கஸாத்தியெல்லோ என்று பெயர். நடுவே துளையுள்ள வட்ட அலுமினியத் தட்டில் வளையமாகச் சுடுவார்கள். மேற்பரப்பில் நான்கைந்து முட்டைகள் ஓட்டோடு பாதி புதைந்திருக்கும். ஒவ்வொரு முட்டையின் மேலும் இரண்டு மாவுப் பட்டைகள் சிலுவையாகப் படிந்திருக்கும். வெட்டினால் சுருள் சுருளாக மாவு அடுக்குகள், அவற்றுக்கிடையே சிவப்பும் வெள்ளையுமாகச் சலாமியும் சீஸும் தெரியும். ஒரு கிலோ மாவில் தொடங்கினால், ஓவனிலிருந்து வெளிவரும்போது எடை இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். நேப்பிள்ஸ் பேச்சுவழக்கில், விடாமல் தொணதொணத்து உயிரை வாங்கும் ஆளையும் கஸாத்தியெல்லோ என்பார்கள். எளிதில் செரிக்காத ஆசாமி என்பது உட்பொருள்.

இந்த ரொட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் குறியீடுகளை எடுத்துக்கொள்கிறார்கள். வளையம் இயேசுவின் முள்முடி, பட்டைகள் சிலுவை, முட்டை உயிர்ப்பு. அதற்கும் முன்னே போய், இது பண்டைய கிரேக்கர்களின் வசந்தகாலப் படையல் ரொட்டியின் வாரிசு என்று சொல்பவர்களும் உண்டு. சீஸும் மாவும் முட்டையும் சேர்த்த அப்பம் பழைய ரோமிலும் இருந்தது உண்மைதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ எழுதிய வேளாண் கையேட்டில் இரண்டு பங்கு சீஸ், ஒரு பங்கு மாவு, ஒரு முட்டை என்று அதற்கு அளவே இருக்கிறது. ஆனால் அந்த அப்பத்திலிருந்து இந்த வளையம் வரை அறுபடாத ஒரு கோடு இருப்பதாகக் காட்ட யாரிடமும் சான்று இல்லை. சிலுவை, முட்டை விளக்கங்களை நான் மறுக்கவில்லை. அவை ரொட்டியின் மேற்பரப்பை விளக்குகின்றன. உள்ளே இருப்பதை விளக்குவதில்லை. ஏன் பன்றி? ஏன் இத்தனை சீஸ்? ஏன் இவை எல்லாம் ஒரே மாவுக்குள்? இதற்கு விடை வேண்டுமென்றால், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தில் என்னென்ன தின்னக் கூடாது என்ற பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

விலக்கியவை எல்லாம் ஒரே தட்டில்

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம் என்றால் ஒருசந்தியும் சுத்தபோசனமும்தான் நினைவுக்கு வரும். ஒரு வேளை மட்டும் முழு உணவு, இறைச்சி இல்லாத சமையல். இடைக்கால ஐரோப்பாவில் விதி இதைவிடப் பல மடங்கு கடுமையாக இருந்தது. இறைச்சியோடு, விலங்கிடமிருந்து வரும் பால், வெண்ணெய், சீஸ், முட்டை ஆகியவையும் தவக்காலத்தில் விலக்கு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கீரை, பருப்பு வகைகள், உப்பிட்ட கருவாடு, நெத்திலி ஆகியவற்றோடு காலம் தள்ள வேண்டும். காலப்போக்கில் திருச்சபை சலுகைகளை அளித்து விதியைத் தளர்த்திக்கொண்டே வந்தது. சமையல் பழக்கங்களோ பழைய விதியின் அச்சிலேயே வார்க்கப்பட்டுவிட்டன.

இப்போது கஸாத்தியெல்லோவின் பொருள்களை அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பன்றிக்கொழுப்பு, பன்றி இறைச்சி, ஆட்டுப்பால் சீஸ், மாட்டுப்பால் சீஸ், முட்டை. மாவும் உப்பும் மிளகும் நீங்கலாக, ரொட்டியில் உள்ள எல்லாமே நோன்புக்காலத்தில் விலக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்துச் சமைக்காமல், மொத்தமாக உள்ளே தள்ளி, சுருட்டி, மூடி, சுட்டுவிட்டார்கள். கஸாத்தியெல்லோ என்பது தவக்காலத் தடைப்பட்டியலைத் தலைகீழாகப் படித்தால் கிடைக்கும் ரொட்டி.

தடை மட்டும் இதை உருவாக்கிவிடவில்லை. தொழுவமும் ஒத்துழைத்தது. கோழிக்குத் தவக்காலம் தெரியாது. பகல் நீள நீள அது அதிகம் முட்டையிடும். வடகோளத்தில் பகல் நீளத் தொடங்கும் மாதங்களில்தான் தவக்காலம் வருகிறது. தின்ன முடியாத முட்டைகள் கூடைகூடையாகச் சேரும். குளிர்காலத்தில் ஈன்ற ஆடுகள் அதே பருவத்தில் நிறையப் பால் தரும். குடிக்க முடியாத பாலைக் கெடாமல் வைத்திருக்க ஒரே வழி சீஸ். பன்றியை டிசம்பர், ஜனவரிக் குளிரில் வெட்டுவார்கள். இறைச்சி கெடாமல் உப்பிடுவதற்கு அதுதான் ஏற்ற காலம். கொழுப்பை உருக்கி, அதே பன்றியின் சிறுநீர்ப்பையில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுவார்கள். மிளகும் பூண்டும் ஒயினும் சேர்த்து லேசாகப் புகைமூட்டிய நேப்பிள்ஸ் சலாமி, ஈஸ்டர் நெருங்கும்போது வெட்டுவதற்குப் பதமாக இருக்கும். ஆக, திருச்சபை கதவைத் திறந்துவிடும் நாளில் முட்டை, சீஸ், கொழுப்பு, சலாமி நான்கும் ஒரே நேரத்தில் வீட்டில் குவிந்திருக்கும். இந்த ரொட்டியைக் கண்டுபிடிக்க மேதை யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

தவக்காலத்தின் மறுமுனையிலும் இதேபோல ஒரு பண்டம் உண்டு. சாம்பல் புதனுக்கு முன் வரும் கார்னிவல் நாட்களில் நேப்பிள்ஸ்காரர்கள் சிறு இறைச்சி உருண்டைகளும் ரிக்கோத்தா என்ற மென்மையான சீஸும் அடுக்கிய லசான்யா என்ற பாஸ்தா சாப்பிடுவார்கள். கூடவே பன்றி இரத்தமும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சிய சங்குயினாச்சோ என்ற இனிப்புக் குழம்பு. பன்றி இரத்தத்தைப் பொதுமக்களுக்கு விற்பதை 1992இல் இத்தாலி தடை செய்துவிட்டதால், இன்று அது இரத்தமில்லாத சாக்லேட் குழம்பாகச் சுருங்கிவிட்டது. லசான்யா கதவை மூடும், கஸாத்தியெல்லோ திறக்கும். நடுவில் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று, முட்டையும் பாலும் சேர்த்த கிரீமைப் பிழிந்த ஸெப்போலே என்ற பலகாரம் நகரமெங்கும் விற்றுத் தீரும். நோன்பைப் பற்றி நேப்பிள்ஸ்காரர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆலிவ் எண்ணெய் பூமியில் பன்றிக்கொழுப்பு

இத்தாலியச் சமையல் என்றதும் வடக்கே வெண்ணெய், தெற்கே ஆலிவ் எண்ணெய் என்று ஒரு கோடு கிழிப்பது வழக்கம். அந்தப் படத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்த இடங்களில் நேப்பிள்ஸும் ஒன்று என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் 1950களின் தொடக்கத்தில் நேப்பிள்ஸுக்கு வந்து, அங்கிருந்த உழைக்கும் மக்களின் உணவையும் இரத்தக் கொழுப்பையும் ஆராய்ந்தார். பிறகு அதே கம்பானியா மாநிலத்தில், சிலென்டோ கடற்கரையிலுள்ள பியோப்பி என்ற சிற்றூரில் வீடு கட்டிக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார். ‘மத்தியதரைக்கடல் உணவு’ என்று இன்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறைக்கு அவருடைய ஆய்வுகளே அடித்தளம். 2010இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தபோது இத்தாலியின் சார்பில் முன்னிறுத்தப்பட்ட ஊர்ப்பகுதியும் சிலென்டோதான்.

அதே கம்பானியாவில், அதே மக்களின் வீட்டில், ஈஸ்டர் ரொட்டிக்குள் போவது சூஞா எனப்படும் பன்றிக்கொழுப்பு. இது விதிவிலக்கு என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய ஏடுகளாகப் பிரியும் ஸ்ஃபொல்யத்தெல்லா என்ற புகழ்பெற்ற பலகாரத்தின் ஏடுகளைப் பிரித்து வைப்பதும் சூஞாதான். பாதாம் பதித்த, மிளகு தூக்கலான தராலி வளையங்களிலும் அதுதான். தக்காளி வருவதற்கு முந்தைய காலத்துப் பீட்சாவாகச் சொல்லப்படும் மஸ்துனிக்கோலாவில் சூஞாவும் சீஸும் துளசி வகையைச் சேர்ந்த பசிலிக்கோவும் மட்டும்தான் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மக்கரோனி ஊரைப் பிடிக்கும் வரை நேப்பிள்ஸ்காரர்களை மற்றவர்கள் ‘இலைதின்னிகள்’ என்று கேலி செய்தார்கள். அந்த இலைகளும் பன்றியின் எலும்பு, தோல், கொழுப்போடுதான் வெந்தன. நல்ல ஆலிவ் எண்ணெய் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். பன்றியோ, சமையலறைக் கழிவைத் தின்று வீட்டோரத்தில் வளர்ந்தது. இந்தப் பகுதிக்கென்றே முடியில்லாத கருப்புப் பன்றி இனம் ஒன்றும் இருக்கிறது, கசெர்த்தா மாவட்டத்தின் பெயரால் அழைக்கப்படுவது.

கீஸ் பார்த்தது பொய்யா என்று கேட்டால், இல்லை. அவர் கண்டது ஏழைகளின் அன்றாடம். பாஸ்தா, பீன்ஸ், கீரை, எப்போதாவது கொஞ்சம் இறைச்சி. அந்த அன்றாடத்தைத் தாங்கிக்கொள்ள வைத்தவை நடுநடுவே வந்த திருநாட்கள். ஆண்டின் பெரும்பகுதி குறைவாகத் தின்றவர்களின் திருநாள் உணவுதான் கஸாத்தியெல்லோ. ஆலிவ் எண்ணெயும் கீரையும் மட்டும் காட்டும் புத்தகங்கள் அந்த உணவுமுறையில் பாதியைத்தான் காட்டுகின்றன என்பேன்.

மாவுக்குள் நடப்பது

செய்முறை வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். மாவு, நீர், உப்பு, ஈஸ்ட். பழைய முறையில் ஈஸ்டுக்குப் பதில் கிரிஷீத்தோ, அதாவது முந்தைய சுடுதலிலிருந்து எடுத்து வைத்த புளித்த மாவு. பிசையும்போதே கொஞ்சம் சூஞாவும் தாராளமாக மிளகும் சேரும். மாவு பொங்கிய பிறகு செவ்வகமாகத் தேய்த்து, மேலே மறுபடியும் சூஞா தடவி, சலாமி, ப்ரொவொலோனே என்ற மாட்டுப்பால் சீஸ், பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸ், சீக்கோலி ஆகியவற்றைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டுவார்கள். சீக்கோலி என்பது கொழுப்பை உருக்கிய பின் மிஞ்சும் சதையோடு கூடிய சக்கையை அழுத்திக் கட்டியாக்கியது. சுருளின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி, சூஞா தடவிய தட்டில் வைத்து, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். ஒரு கிலோ மாவுக்குச் சூஞா மட்டும் 200 கிராமுக்குக் குறையாமல் போகும்.

இரவு முழுக்கக் காத்திருப்பதைப் பக்தி என்று எடுத்துக்கொள்ளலாம். வேதியியல் காரணமும் இருக்கிறது. கொழுப்பு மாவுப் புரதத்தின் மேல் படிந்து, நீரோடு அது சேர்ந்து வலை பின்னுவதைத் தடுக்கிறது. இவ்வளவு கொழுப்பும் உப்பும் உள்ள மாவில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். மேலே சலாமியும் சீஸும் வேறு பாரமாக அழுத்துகின்றன. அவசரப்பட்டால் வளையம் செங்கல்லாகிவிடும். அதே கொழுப்புதான் பொறுமைக்குக் கூலியும் தருகிறது. வலை குறைவாகப் பின்னிய மாவு சுட்ட பிறகு இழுபடாமல் மெத்தென்று உதிரும், நாட்கணக்கில் உலராது.

ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் செய்தால் என்ன? செய்கிறார்கள், நல்ல ரொட்டியும் கிடைக்கும். ஆனால் அது கஸாத்தியெல்லோவாக இருக்காது. எண்ணெய் அறை வெப்பத்தில் திரவம். மாவில் தடவினால் உள்ளே ஊறிவிடும், அல்லது வழிந்து தட்டில் தேங்கும். சூஞா வெண்ணெய் போல உறைந்து நிற்கும். சுருளின் அடுக்குகளுக்கிடையே தடவிய இடத்திலேயே இருந்து, ஓவனின் சூட்டில்தான் உருகும். அடுக்குகள் ஒட்டாமல் பிரிவது அதனால்தான்.

முட்டை விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவதுண்டு. மேலே பதிப்பது வேகவைத்த முட்டை அல்ல, பச்சை முட்டை. ஓட்டை நன்றாகக் கழுவித் துடைத்து, பொங்கிய மாவில் பாதி அமிழும்படி அழுத்தி, மாவுப் பட்டைகளால் கட்டுகிறார்கள். 170, 180 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் போலச் சுடும்போது மாவும் முட்டையும் சேர்ந்தே வெந்துவிடும். நீண்ட சூட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சில நேரம் பசுஞ்சாம்பல் நிற வளையம் விழும். முட்டையிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது அது, கெட்டுப்போனதன் அடையாளமல்ல. சிலுவைப் பட்டைகளுக்கு வேலை இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாவு ஓவனில் எழும்பும்போது முட்டையை வெளியே தள்ளிவிடாமல் பிடித்து வைப்பவை அவை. வளைய வடிவமும் அப்படித்தான். இவ்வளவு அடர்த்தியான மாவை உருண்டையாகச் சுட்டால் வெளிப்புறம் கருகினாலும் நடுப்பகுதி வேகாது. நடுவில் துளை இருந்தால் சூடு இரு பக்கமும் பாயும். முள்முடி என்ற விளக்கம் பின்னால் வந்து பொருந்தியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

சீஸ் பற்றி ஒரு சிறு குறிப்பு. ப்ரொவொலோனே தெற்கத்திச் சீஸ். ஆனால் இத்தாலி ஒன்றான பிறகு, மலிவான பாலைத் தேடித் தெற்கத்தி வணிகர்கள் வடக்கே போ ஆற்றுச் சமவெளிக்குத் தொழிலைக் கொண்டுபோனார்கள். வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் 1877இல் தொடங்கிய ஔரிக்கியோ நிறுவனம் அப்படிப் போனவற்றில் பெயர்பெற்றது, இன்று அதன் இடம் வடக்கிலுள்ள க்ரெமோனா. பெக்கொரீனோ ரொமானோ என்று ரோமின் பெயரைத் தாங்கிய சீஸின் பெரும்பகுதி சார்டினியா தீவில் தயாராகிறது. மிளகோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த கொடி, பல நூற்றாண்டுகள் மலபார்க் கரையிலிருந்துதான் இத்தாலிக்குப் போனது. ‘உள்ளூர் ரொட்டி’ என்று பெருமையோடு சொல்லும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சனிக்கிழமை நண்பகல்

கஸாத்தியெல்லோவை எப்போது வெட்டுவது? ஈஸ்டர் ஞாயிறு என்பதுதான் எதிர்பார்க்கும் விடை. ஆனால் பல நேப்பிள்ஸ் வீடுகளில் முந்தைய நாளே, சனிக்கிழமையே கத்தி இறங்கிவிடும். பொறுமையின்மை என்று சிரிக்கத் தோன்றும். உண்மையில் இது பழைய வழிபாட்டு முறையின் எச்சம்.

பெரிய வியாழனன்று வானவர் கீதம் பாடி முடித்ததும் கோவில் மணிகள் ஓய்ந்துவிடும். இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் மீண்டும் எழும்போதுதான் மறுபடி ஒலிக்கும். இன்று அந்தத் திருவிழிப்பு சனிக்கிழமை இரவில் நடக்கிறது. முன்பு அப்படி இல்லை. பல நூற்றாண்டுகளாக அது சனிக்கிழமை காலையிலேயே நடந்து முடிந்துவிடும். ஆகவே மணிகள் காலையிலேயே முழங்கும். 1917இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டமும் தவக்கால நோன்பு புனித சனியன்று நண்பகலோடு முடிகிறது என்றே சொன்னது. மணி கேட்டது, நோன்பு தீர்ந்தது, ரொட்டி மேசையில் இருந்தது. வெள்ளி இரவு பொங்க வைத்து, சனி காலை சுட்டு, நண்பகலில் வெட்டுவது என்ற கால அட்டவணை இந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருப்பதைக் கவனியுங்கள்.

1955 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித வாரத்தைச் சீரமைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து திருவிழிப்பு இரவுக்கு மாறியது, நோன்பும் சனி நள்ளிரவு வரை நீண்டது. அன்றிலிருந்து சனி மதியத்துக் கஸாத்தியெல்லோ சட்டப்படி மீறல். நேப்பிள்ஸின் வயிறு பழைய நாட்காட்டியை விடவில்லை. பத்தே ஆண்டில், 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளையே பெருமளவு தளர்த்தினார். சாம்பல் புதனும் புனித வெள்ளியும் மட்டும் ஒருசந்தி, வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் என்று அது சுருங்கியபோது சனிக்கிழமை மறுபடி விடுதலையானது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு சுவையான வரியும் உண்டு. சுத்தபோசன நாட்களில் முட்டையும் பாற்பொருள்களும் கூடும், விலங்குக் கொழுப்பைக்கூடத் தாளிதமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது அது. அதாவது, கஸாத்தியெல்லோவின் பொருள்களில் சலாமியும் சீக்கோலியும் தவிர மற்றவற்றுக்கான தடை அப்போதே எழுத்தில் நீங்கிவிட்டது. தடை போன பிறகும் அதை உடைக்கும் ரொட்டி நூறாண்டாக நிலைத்திருக்கிறது.

சின்ட்ரெல்லா விருந்தில்

ரொட்டியின் வயதைச் சொல்லும் பழைய சான்று ஒரு தேவதைக் கதை. நேப்பிள்ஸ் மொழியில் எழுதிய ஜாம்பத்தீஸ்தா பஸீலேயின் கதைத் தொகுப்பு, அவர் இறந்த பிறகு 1634 முதல் 1636 வரை வெளிவந்தது. சின்ட்ரெல்லா கதையின் ஒரு வடிவம் அதில் இருக்கிறது, பிரான்ஸின் பெரோ எழுதியதற்கு அறுபது ஆண்டுகள் முந்தையது. காலணிக்கு உரியவளைக் கண்டுபிடிக்க அரசன் நாட்டுப் பெண்கள் அனைவரையும் விருந்துக்கு அழைக்கிறான். அங்கே குவிந்த பண்டங்களைக் கண்டு கதைசொல்லி வாய் பிளக்கிறார். இத்தனை பஸ்தியேராக்களும் கஸாத்தியெல்லோக்களும் எங்கிருந்து வந்தன என்று தொடங்கி, இறைச்சி உருண்டை, மக்கரோனி என்று அடுக்கி, ஒரு படையே தின்னலாம் என்று முடிக்கிறார்.

பஸ்தியேரா என்பது வெந்த கோதுமையும் ரிக்கோத்தாவும் சேர்த்த ஈஸ்டர் இனிப்பு. இன்றும் கஸாத்தியெல்லோவோடு இணை பிரியாமல் மேசைக்கு வருவது. அரசனின் விருந்து ஈஸ்டர் விருந்தல்ல என்றாலும், பெருந்தீனியைச் சொல்ல வேண்டும் என்றதும் எழுத்தாளருக்கு முதலில் நாவில் வந்த இரண்டு பெயர்கள் இவை. கேட்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊரறிந்த பண்டம் என்பதற்கு இதுவே போதும்.

தோர்த்தானோவோடு பங்காளிச் சண்டை

கஸாத்தியெல்லோவுக்குத் தோர்த்தானோ என்று ஒரு பங்காளி உண்டு. மாவு, சூஞா, வளையம் எல்லாம் அதேதான். வேறுபாடு முட்டையில் என்பது பெரும்பாலோர் கருத்து. கஸாத்தியெல்லோவில் முட்டை ஓட்டோடு மேலே, தோர்த்தானோவில் வேகவைத்து, உரித்து, நறுக்கி உள்ளே. முன்னது ஈஸ்டருக்கு மட்டும், பின்னது ஆண்டு முழுக்க என்பார்கள். உண்மையான கஸாத்தியெல்லோவில் சலாமியே கிடையாது, சூஞா, மிளகு, சீஸ், சீக்கோலி மட்டும்தான், சலாமியைக் கொட்டுவது வசதி வந்த பிறகு தொற்றிய ஆடம்பரம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வாதம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. இறைச்சி விலை உயர்ந்திருந்த காலத்தில் கைப்பிடி சீக்கோலியே திருநாளாக இருந்திருக்கும். ஆனால் கடைகளில் இரண்டு பெயர்களும் கலந்துதான் ஓடுகின்றன. பாட்டி எந்தப் பெயரைச் சொன்னாரோ அதுவே சரி என்பதுதான் நடைமுறைத் தீர்ப்பு.

நேப்பிள்ஸுக்கு மேற்கே மோன்தே தி ப்ரோசிதா பக்கம் போனால் கஸாத்தியெல்லோ இனிப்பாகிவிடும். புளித்த மாவில் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து மிக நீண்ட நேரம் பொங்கவிட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாகும் வண்ண மணிகளும் தூவுவார்கள். உள்நாட்டில் இர்ப்பீனியா மலைப்பகுதியில், வளையம் போய், மூடிய பெரிய அடையாகப் பீட்சா கியேனா வருகிறது. முட்டையும் சீஸும் சலாமியும் பிதுங்க நிரப்பியது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு அது கடல் கடந்து, பெயர் சிதைந்து ‘பீட்சாகெய்னா’ ஆகியிருக்கிறது. மத்திய இத்தாலியின் உம்ப்ரியாவில் ஈஸ்டர் காலையில் உயரமான சீஸ் ரொட்டியை உலர்த்திய பன்றி இறைச்சியோடு சாப்பிடுகிறார்கள். வடமேற்கு இத்தாலியின் லிகூரியாவில் மெல்லிய மாவு ஏடுகளுக்கிடையே கீரையும் தயிர்ச்சீஸும் முழு முட்டைகளும் வைத்த அடை. இயேசுவின் வயதுக்கு ஏற்ப 33 ஏடுகள் இருக்க வேண்டும் என்பது அங்கே ஐதீகம். நேப்பிள்ஸோடு தொடர்பே இல்லாத போர்ச்சுகலின் வடகிழக்கு மூலையில்கூட, ஹாமும் தொத்திறைச்சியும் திணித்த ஃபொலார் என்ற ஈஸ்டர் ரொட்டி உண்டு. அங்கேயும் அதே நோன்பு, அதே குளிர்காலப் பன்றி. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததாக நினைக்கத் தேவையில்லை.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

நோன்பு தளர்ந்த பிறகும் இந்த ரொட்டி பிழைத்திருப்பதற்கு ஈஸ்டர் திங்கள் முக்கியக் காரணம். பஸ்க்கெத்தா என்று அழைக்கப்படும் அந்த விடுமுறை நாளில் குடும்பங்கள் பூங்காவுக்கோ மலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பும். கட்டுச்சோறு போல எடுத்துப்போக இதைவிட வசதியான பண்டம் இல்லை. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், கறியும் ரொட்டியும் முட்டையும் ஒரே துண்டில். சூஞாவின் தயவால் மூன்றாம் நாளும் உலராது. நோன்புக்கு இருந்த இடத்தைச் சுற்றுலா பிடித்துக்கொண்டது.

செய்யும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் தட்டைச் சுமந்து தெருமுனை அடுமனைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்துச் சுட்டு வாங்கினார்கள். இன்று ஓவன் இருக்கிறது, இரவு முழுக்கக் காத்திருக்க நேரம் இல்லை. அதனால் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கைக்கடக்கமான ஒற்றை முட்டைக் கஸாத்தியெல்லோக்களும், ஈஸ்டர் அல்லாத மாதங்களில் துண்டு போட்டு விற்பவையும் வந்துவிட்டன. வெண்ணெய் சேர்த்து பிரியோஷ் என்ற பிரெஞ்சு ரொட்டி போல ஆக்கிய வடிவம் அமெரிக்கச் சமையல் நூல்கள் வழியாகப் பரவியிருக்கிறது. வீட்டில் செய்து பார்க்க எளிது, சுவையும் நன்றாகவே இருக்கும். ஆனால் வெண்ணெயின் இனிப்பு மிளகின் காரத்தை மழுங்கடித்துவிடுகிறது.

நேப்பிள்ஸுக்குப் போகிறவர்கள் புனித வாரத்தில் போனால் எந்த அடுமனையிலும் வாங்கலாம், எடை போட்டுத் தருவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சூஞாவா, மார்ஜரினா? சூஞா என்றால் கால் கிலோத் துண்டு வாங்கினால் போதும், இருவர் மதிய உணவு முடிந்துவிடும். மிஞ்சியதை மறுநாள் எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டு இருபுறமும் சூடாக்குங்கள். உறைந்திருந்த கொழுப்பு உருகி வெளிவந்து, துண்டு தன் கொழுப்பிலேயே முறுகும். முதல் நாளைவிட அதுதான் ருசி என்று சொல்பவர்கள் நேப்பிள்ஸில் குறைவில்லை.